பந்தாக வெட்டிய மருதாணி

11-2-2025, செவ்வாய்

குவைத்திலிருந்து லப்பைக்குடிகாட்டுக்கு வந்து இருபது நாள் ஆகிறது. அங்கே இருபத்தேழு வருடம் தோட்ட வேலை. தினமும் சாயங்காலம் வேலைக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அறைக்குப் போக முடியும். எந்த பங்களா, எந்த வேலி, எவ்வளவு நேரம் தண்ணீர். பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதற்காக இந்த நோட்டு.

இன்று: வேலை இல்லை.

15-2, சனி

கொல்லையைச் சுற்றிப் பார்த்தேன். என் மனைவி சுல்தானாவின் தோட்டம். அதற்குத் தோட்டம் என்று பெயர். பெயின்ட் வாளியில் ரோஜா, உடைந்த ஆட்டுக்கல் குழியில் கற்றாழை, முருங்கை மேல் அவரைக்கொடி. வரிசை இல்லை, இடைவெளி இல்லை. கிணற்றோரத்தில் மருதாணி எட்டடி உயரத்துக்குத் தலைவிரித்து நிற்கிறது. பக்கத்தில் துணி காயப்போட்டால் கிழிக்கிறது.

"இதெல்லாம் கொஞ்சம் ஒழுங்கு பண்ணட்டுமா?" என்றேன்.

"மொதல்ல நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள்.

மறுக்கவில்லை என்று குறித்துக்கொள்கிறேன்.

3-3, திங்கள்

இரண்டாவது நோன்பு. வெயில் அதிகம்.

அஸ்லாம் போன் செய்தான். என்னிடம் வேலை பழகிய பையன், இப்போது அங்கே சூப்பர்வைசர். "சுக்கூர் மாமா, ரெண்டு வருஷம் மட்டும் வந்துட்டுப் போங்க. நீங்க வெட்டுற பந்து இங்க எவனுக்கும் வரல" என்றான். செடியை உருண்டையாகக் கத்தரிப்பதைச் சொல்கிறான். ஜூன் பத்துக்குள் பாஸ்போர்ட் நகலும் புது போட்டோவும் அனுப்ப வேண்டுமாம்.

யோசிக்கிறேன் என்றேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

27-3, வியாழன்

சுல்தானா நேற்று அரியலூர் போனாள், பெருநாளுக்கு மகள் இர்பானாவையும் பேத்தியையும் கூட்டி வர. நாளை வருவார்கள். அதற்குள் செய்து வைத்தால் ஆச்சரியப்படுவாள்.

வேலைக் குறிப்பு: மருதாணி, ஒன்று. எட்டடியிலிருந்து மூன்றடி. உருண்டை வடிவம், கொம்பு மட்டும்; இலை பிறகு துளிர்க்கும். காய்ந்த கொம்பு, முள், ஒட்டடை நீக்கம். வெட்டிய தழை முழுவதும் பேரூராட்சி குப்பை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. இடம் சுத்தம்.

நோன்போடு மூன்று மணி நேரம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே உருண்டை. வெகு நாளைக்குப் பிறகு மனதுக்கு நிறைவாக இருந்தது.

28-3, வெள்ளி

வந்துவிட்டார்கள். சுல்தானா கொல்லைக் கதவைத் திறந்தாள். நின்றாள்.

"தழையெல்லாம் எங்கங்க?"

குப்பை வண்டியில் போட்டதைச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவ்வளவுதான்.

30-3, ஞாயிறு

பிறை தெரிந்தது. நாளை நோன்புப் பெருநாள்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் தெருப் பெண்கள் எல்லோரும் கிண்ணத்தோடு நம் கொல்லைக்குத்தான் வருவார்களாம். தெருவுக்கே இந்த ஒரு மருதாணிதான். இன்றும் வந்தார்கள். நான் அறைக்குள் இருந்தேன். சிரிப்பும் கொலுசுமாக வந்த சத்தம் கொல்லைக் கதவருகில் நின்றுபோனது.

அடுத்த வீட்டு வளர்மதியும் வந்திருந்தாள். அவளுக்குப் பெருநாள் இல்லை, மருதாணி உண்டு. "அண்ணே, மொட்டையடிச்சி வுட்டிங்களே" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பேத்திக்குக் கடையில் மருதாணிக் கோன் வாங்கி வந்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

31-3, திங்கள்

பெருநாள் தொழுகை. பிரியாணி. எல்லோரும் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள்.

சுல்தானா "சாப்பிட வாங்க" என்று சொல்லவில்லை. "சோறு எடுத்து வச்சிருக்கு" என்றாள்.

2-4, புதன்

இர்பானா ஊருக்குக் கிளம்பும் முன் அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் கொடுத்தாள். "அம்மா காட்டாது. நீங்களே பாருங்க அத்தா."

கோடு போடாத நோட்டு. பக்கத்துக்கு ஒரு கை. தாளில் கையை வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து, அந்தப் பெருநாளுக்குச் சுல்தானா ஈர்க்குச்சியால் என்ன மருதாணி வைத்தாளோ அதை உள்ளே வரைந்திருக்கிறாள். கொடி, மாங்காய், பிறை, புள்ளி. கீழே தேதி. வருடத்துக்கு இரண்டு பெருநாள், இரண்டு பக்கம். முதல் கை இர்பானாவுடையது, இரண்டு வயதில். என் கட்டைவிரல் அளவு உள்ளங்கை. பக்கம் திருப்பத் திருப்பக் கை வளர்கிறது. கடைசியில் கல்யாணப் பெண்ணின் கை. அதற்குப் பிறகு மறுபடியும் சின்னக் கை, பேத்தி.

சில பக்கங்களின் மூலையில் சின்னதாக ஏதோ வரைந்திருந்தது. முதலில் தும்பி என்று நினைத்தேன். விமானம்.

"நீங்க வூட்டுல இருந்த பெருநாளுக்கு அம்மா அதப் போடும்" என்றாள் இர்பானா.

எண்ணினேன். ஒன்பது.

இந்தப் பெருநாளுக்குப் பக்கம் இல்லை. கோனில் வைத்ததைச் சுல்தானா வரையவில்லை.

இருபத்தேழு வருஷமா ஊரான் வூட்டுச் செடிய வெட்டி வெட்டி— எங்க வெட்டுறோம்னு பாக்கத் தெரியல. புள்ள கை எப்ப வளந்துச்சின்னும் தெரியல. என்ன மனுஷன் நான்?

9-4, புதன்

அஸ்லாம் மறுபடியும் பேசினான். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன், சுல்தானாவின் காதில் விழுந்திருக்கும்.

"போறதா இருந்தா போங்க. இங்க வெட்டுறதுக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

போய்விடலாம் என்றுதான் தோன்றியது. அங்கே செடியை வெட்டினால் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

சற்று நேரம் கழித்து அவளே வந்தாள். "அங்க முதலாளி சொன்னதச் செஞ்சிங்க. இங்க என்னைய ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?" குரல் உடைந்துவிட்டது.

10-4, வியாழன்

என் கத்தரிக்கோலைத் துடைத்து எண்ணெய் போட்டு அடுப்படியில் அவளுடைய அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இனிமே நீ எடுத்துக் குடுத்தாதான் வெட்டுவேன்" என்றேன்.

அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

13-4, ஞாயிறு

மருதாணியில் அரிசி அரிசியாகத் துளிர்.

அவளிடம் போய்ச் சொன்னேன். "தெரியும். நேத்தே பாத்தேன்" என்றாள்.

19-4, சனி

வேலை என்று எதுவும் செய்யவில்லை. காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தேன். வாளி ரோஜா எங்கிருந்து வந்தது என்று சுல்தானாவிடம் கேட்டேன். இர்பானா ஏழாவது படிக்கும்போது சிநேகிதி வீட்டிலிருந்து ஒடித்து வந்த கொம்பாம். டீச்சர் கேட்ட படத்துக்காக அந்தப் பூவை நான்கு நாள் பார்த்துப் பார்த்து வரைந்தாளாம்.

இதை எந்த போனிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன். காசு வந்ததா, உடம்பு நல்லா இருக்கா, வச்சிடுறேன்.

11-5, ஞாயிறு

தினம் ஒரு செடியைப் பற்றிக் கேட்கிறேன். கறிவேப்பிலை அவள் அம்மா வீட்டுக் கன்று. கற்றாழை வளர்மதி கொடுத்தது. அவரை விதை பூலாம்பாடிச் சந்தையில் வாங்கியது, பதினாறு வருடமாக எடுத்துவைத்து எடுத்துவைத்து நடுகிறாள்.

இன்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "இந்த முருங்கை சாஞ்சப்ப நானும் இர்பானாவும் கிணத்து ராட்டினக் கயித்த எடுத்துக் கட்டி நிமித்துனோம். அவ வுழுந்து பல்லு ஒடஞ்சிச்சி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தேன்சிட்டு ஒன்று துணிக்கொடியில் கூடு கட்டுகிறது. ஒழுங்கில்லாத கூடு. பார்த்துக்கொண்டே இருந்ததில் டீ ஆறிவிட்டது. சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன்.

28-5, புதன்

காலை பத்து மணி. கத்தரிக்கோலைச் சுல்தானாவே எடுத்து வந்து நீட்டினாள்.

"அவரைக்கொடி ஓட்டு மேல ஏறுது. கொஞ்சமா வெட்டி வுடுங்க. கொஞ்சமா."

வேலைக் குறிப்பு: அவரை. ஓரடி மட்டும்.

5-6, வியாழன்

அஸ்லாம் ஞாபகப்படுத்தினான். போட்டோ இன்னும் எடுக்கவில்லை.

6-6, வெள்ளி

நாளை ஹஜ்ஜுப் பெருநாள். இர்பானாவும் பேத்தியும் வந்தாயிற்று.

சாயங்காலம் கிண்ணங்கள் வந்தன. வெட்டின இடமெல்லாம் நான்கைந்து கொம்பாகப் பிரிந்து, மருதாணி இடுப்புக்கு மேல் அடர்ந்து நிற்கிறது. உருண்டை போய்விட்டது. ஏணி வேண்டியிருக்கவில்லை, பிள்ளைகளே பறித்தார்கள்.

"கைக்கு எட்டுது. நல்லாத்தான் வெட்டியிருக்கிங்கண்ணே" என்றாள் வளர்மதி. கேலிதான். எல்லோரும் சிரித்தார்கள், சுல்தானாவும்.

"இளந்தழை. நல்லா புடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அரைத்தாள். பேத்திக்கு வைத்து முடித்ததும் மிச்சத்தை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "தாடியக் காட்டுங்க."

அரை மணி நேரம் அசையக் கூடாது என்றாள். அசையவில்லை.

7-6, சனி

தொழுகை முடிந்தது. என் தாடி செங்கல் நிறத்தில் இருக்கிறது. பள்ளிவாசலில் இரண்டு பேர் யார் என்று தெரியாமல் பார்த்தார்கள்.

அஸ்லாம் பெருநாள் வாழ்த்துச் சொல்லப் பேசினான். வரவில்லை என்று சொன்னேன். "அங்க என்ன மாமா வேலை?" என்றான். சுல்தானா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டேன். உண்மையாகவே கூப்பிட்டாள்: "சாப்பிட வாங்க."

சாப்பிட்டுவிட்டு வந்தால் கூடத்தில் நோட்டு திறந்தபடி கிடந்தது. புதுப் பக்கம். பேத்தியின் கை, நடுவில் பிறை, விரல்களில் அவரைக்கொடி. மூலையைப் பார்த்தேன். விமானம் போடவில்லை. கத்தரிக்கோல் வரைந்திருக்கிறாள்.

கைப்பிடி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மற்றபடி என் கத்தரிக்கோல்தான்.