கலர் ஊசி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் குளிர்காற்று. மலை தெரியவில்லை. வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்துக்குப் போனார். நான் போகவில்லை.

தபால் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். தேனி சுகாதார ஆபீசில் 12ஆம் தேதி விசாரணை, பகல் 11 மணி. அங்கே போய் நாக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

இந்த டைரி உரக்கடையில் பிரபுவுக்குக் கொடுத்தது. முதல் ஐந்து பக்கம் அவன் எழுத்து. பந்தல் கம்பி, மருந்து அடித்த நாள், பத்திரிகை வைக்க வேண்டிய ஊர்கள். ஜனவரி 5இல் ‘கலர் ஊசி 2’ என்று இருக்கிறது. பிறகு வெள்ளைத் தாள்.

பிரபு என் மகன். வயது 26. கறுப்பு. வெயிலில் வேலை செய்கிறவன் வேறு எப்படி இருப்பான். கெங்குவார்பட்டியில் பெண் பார்த்து நிச்சயம் பண்ணினோம். அன்றைக்குப் பெண்ணின் சித்தி, “மாப்ள நல்ல கலருதான், கரண்டு போச்சுன்னா டார்ச் அடிச்சுத்தான் தேடணும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நானும்.

அதன் பிறகுதான் தேனிக்குப் போனான். மாடியில் ஒரு அழகு நிலையம். நரம்பில் பாட்டில் ஏற்றினால் வெளுக்குமாம். போனில் விளம்பரம் பார்த்தானாம். முதல் பாட்டிலுக்கு அசதி மட்டும். “ஆன்டி ஆக்சிடென்ட் ஏத்துறாகம்மா. இனி பைக்குல போயி விழுந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிச் சிரித்தான்.

இரண்டாம் பாட்டில் பெரியது. மறுநாள் முதுகுவலி, கண் மஞ்சள். அதற்கு அடுத்த நாள் ஒன்றுக்குப் போனது கடுங்காப்பி நிறம். டாக்டரிடம் காட்டுவதற்கென்று அவனே ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்தான். கம்பத்தில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். போன அவசரத்தில் பாட்டில் வீட்டிலேயே நின்றுவிட்டது. மதுரையில் நாலு நாள். முடிந்தது.

விடக் கூடாதவர்கள்:
1. மே.
2. பெண்ணின் சித்தி.
3. விளம்பரம் போட்டவன், எவனோ.

மே. என்றால் அந்த அழகு நிலையத்து மேடம். முழுசாக எழுத மாட்டேன். ஆடு கத்துவது போல இருக்கட்டும்.

பிப்ரவரி 4, புதன்

தேனி போனேன். வீட்டில் கம்பம் சந்தை என்று சொன்னேன். மஞ்சள் பையில் அந்த பாட்டில். ஜன்னல் சீட் கிடைத்தது. சின்னமனூர் வரை பையை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் பைக்குள் எட்டிப் பார்த்து, “நன்னாரி சர்பத்தா அக்கா?” என்றாள். ஆமாம் என்றேன்.

கடை பூட்டியிருக்கும் என்று நினைத்தேன். திறந்திருக்கிறது. பலகை மட்டும் புதுசு. உள்ளே ஏசி. மூன்று பெண்கள் வரிசையில். எல்லாம் கல்யாணப் பெண்கள் போல.

பாட்டிலை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தேன்.

“என்னம்மா இது?”

“நீ எம்மகனுக்கு ஏத்துன கலரு. வெளிய வந்தது.”

அவள் முகம் மாறவில்லை. உதடு மட்டும் மாறியது. என்னை உள்ளறைக்குக் கூட்டிப் போகப் பார்த்தாள். நான் நகரவில்லை.

“அம்மா, நான் போட்டது வெறும் வைட்டமின் சி. நெல்லிக்காயில இருக்கறது. ஆன்டி ஆக்சிடென்ட். உடம்பு துருப்பிடிக்காம பாத்துக்கறது. விஷமா குடுத்தேன்?”

“நெல்லிக்கா தின்னு எவன்டி செத்தான்?”

“அவர் ரத்தத்துல பிறவியிலேயே கோளாறு. அதை யாராலயும் முன்னாடியே கண்டுபிடிக்க முடியாது. கடவுளுக்குத்தான் தெரியும். விசாரணையிலயும் இதைத்தான் சொல்லுவேன்.”

பிறகு வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, “டேபிளைத் துடைம்மா” என்றாள்.

கீழே இறங்கித் தெருவில் நின்று மண் வாரித் தூற்றலாம் என்று பார்த்தேன். மண் இல்லை. முழுக்க சிமெண்டு. அவளுக்கு அந்த அதிர்ஷ்டமும் இருக்கிறது.

பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதுவும் அவனுடையதுதானே.

பிப்ரவரி 5, வியாழன்

எறும்பு சர்க்கரை டப்பாவில். மூடி சரியில்லை.

மதுரை டாக்டர் சொன்னதை மறப்பதற்குள் எழுத வேண்டும். சின்ன வயசு டாக்டர். பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் சிவப்பு அணு என்று இருக்கிறது. இரும்பு மாதிரி, அதற்கும் துரு உண்டு. துருவைத் தடுக்க ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஒரு சத்து இருக்கும். பிரபுவுக்கு அது பிறவியிலேயே குறைவு. தோட்டம் போகலாம், மூட்டை தூக்கலாம், ஒன்றும் தெரியாது. சில மருந்து உள்ளே போனால்தான் தெரியும். அந்த வைட்டமின் அளவாக இருந்தால் துருவைத் தடுக்கும். பாட்டில் கணக்கில் நேரே ரத்தத்தில் விட்டால் அதுவே துருவை உண்டாக்கும். அணு எல்லாம் உடைந்து கிட்னியில் போய் அடைத்துக்கொண்டது.

“காக்குறதே கொல்லுமா சாமி?” என்று கேட்டேன்.

“இந்தக் கோளாறு உள்ளவங்களுக்கு மட்டும் அப்படிம்மா. தாய் வழியா வர்றது” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மே. நன்றாகத் தூங்குகிறாளா? அவள் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர வேண்டும். அழகு நிலையம் வைத்திருக்கிறாள் அல்லவா, முதலில் முடி.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்றைக்குத்தான் பிரபுவுக்கு முகூர்த்தம் குறித்திருந்தோம். காலை ஏழரை முதல் ஒன்பது.

ஏழரைக்குத் துணி ஊற வைத்தேன். ஒன்பதுக்கு அலசினேன்.

ஆண்டிபட்டியிலிருந்து மகள் கவிதா வந்தாள். என்னைத் தனியாக விடக் கூடாது என்று வந்திருக்கிறாள். சொல்லவில்லை, தெரிகிறது.

பெண்ணின் அப்பா வந்தார். வாசலிலேயே நின்றார். கையில் பிரபுவின் ஜாதக நோட்டு. அவர்கள் ஜோசியர் அசலைத்தான் பார்ப்பேன் என்றதால் கொடுத்திருந்தோம்.

“தங்கச்சி, இதை வீட்ல வச்சிருக்கக் கூடாதுன்னு சொன்னாக. தபால்ல போட மனசு வரல.”

“உங்க கொழுந்தியா வரலையாண்ணே? டார்ச் அடிச்சுத் தேடணும்னாகளே. இப்ப வந்து தேடச் சொல்லுங்க.”

தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர். இருந்தாலும் சொன்னேன். சொன்னதும் கொஞ்சம் நன்றாக இருந்தது.

போகும்போது, “அட்டைக்குள்ள ஒரு சீட்டும் இருந்துச்சு, தங்கச்சி. தடுப்பூசிச் சீட்டு போலன்னு அப்படியே வச்சுட்டோம்” என்றார்.

பிப்ரவரி 9, திங்கள்

எழுத்து கோணல்.

அந்தச் சீட்டு. மடித்த இடமெல்லாம் பழுப்பு. நான் வைத்ததுதான். பிரபு பிறந்த ஒன்பதாம் நாள் மஞ்சள் காமாலை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் விளக்கு வெளிச்சத்துக்கு அடியில் வைத்திருந்தார்கள். வரும்போது இதைக் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். வீட்டில் பத்திரமான இடம் ஜாதகம் இருக்கிற இடம்தான். அதனுள் வைத்தேன்.

கவிதா படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

“என்னடி?”

“அம்மா... மதுரை டாக்டரு சொன்னாகளே, அதே கோளாறு பேருதான். ரத்தத்துல டெஸ்ட் எடுத்து எழுதியிருக்காக. கீழ, குடுக்கக் கூடாத மருந்து வரிசையா இருக்கு.”

“அதுல அது இருக்கா?”

விரலை வைத்துக் காட்டினாள். கடைசிக்கு முந்தினது. வைட்டமின் சி, அதிக அளவில்.

எங்கள் ஜோசியர் பார்த்தார். அவர்கள் ஜோசியர் பார்த்தார். பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் இந்தச் சீட்டு உள்ளேயே இருந்திருக்கிறது.

வீட்டுக்காரர் வந்து கேட்டுவிட்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அடுப்புல போடு. அவ வக்கீலு கையில சிக்குச்சுன்னா உன்னையே பிடிச்சு உலுக்கிருவான். தெரிஞ்ச தாயே சொல்லலைன்னு அவ ஜம்முன்னு வெளிய வந்துருவா” என்றார்.

சரிதான். அவள் தப்பிக்கக் கூடாது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

விடக் கூடாதவர்கள்:
4. நான்.

பிப்ரவரி 11, புதன்

காற்று நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறார்கள். நாற்றம்.

சீட்டை இன்னும் அடுப்பில் போடவில்லை. முந்தியில் முடிந்திருக்கிறேன்.

பாத்திரம் தேய்க்கும்போது அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சீட்டைக் கொடுத்த நர்சு ஞாபகம் வந்தாள். மலையாளம் கலந்த பேச்சு. குட்டை. இத்தனை நாளும் “பத்திரமா வைக்கணும் கேட்டோ” என்றது மட்டும்தான் ஞாபகம். இன்றைக்கு மிச்சமும் வந்தது. “எந்த ஆஸ்பத்திரி போனாலும் முதல்ல இதைக் காட்டணும்.” சொன்னாள். அப்போது பிள்ளை அழுதான், நான் மாராப்பைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் சொன்னாள். காதில் விழுந்தது.

பாதியை மட்டும் செய்தேன். பத்திரமாக வைத்தேன். யார் கண்ணிலும் படாத அளவுக்குப் பத்திரமாக.

கவிதாவிடம் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி கேட்டேன்.

“டெஸ்ட் எடுத்தாத் தெரியும்னு அதுல இருக்கா?”

“இருக்கும்மா. எடுத்துப் பாத்துத்தானே எழுதியிருக்காக.”

“பொறந்த பிள்ளைக்கே?”

“ஆமாம்மா. எத்தனை தடவை கேப்ப?”

பிறந்த பிள்ளைக்கே டெஸ்டில் தெரிந்திருக்கிறது. மே. கடவுளுக்குத்தான் தெரியும் என்கிறாள்.

பிப்ரவரி 12, வியாழன்

வந்து காலைக் கழுவிவிட்டு உடனே எழுதுகிறேன்.

போனது நான், வீட்டுக்காரர், கவிதா. ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு. எதிரே மே., கூட அவள் வக்கீல். வெளிர்நீலப் பட்டு கட்டியிருந்தாள். சாவு விசாரணைக்குப் பட்டு.

உள்ளே விசாரிக்க ஒரு டாக்டரம்மா. கண்ணாடி. மேசை நிறையக் காகிதம். முதலில் மே.யைக் கேட்டார்.

“ஏத்துறதுக்கு முன்னாடி ரத்த டெஸ்ட் எடுத்தீங்களா?”

“இல்ல மேடம். ஆனா ஃபார்ம்ல கேட்டோம். எந்த நோயும் இல்லைன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்கார். இது முன்கூட்டி யாருக்கும் தெரிய வராத பிறவிக் கோளாறு.”

ஃபார்மைக் காட்டினாள். பிரபுவின் கையெழுத்து. கடைசி எழுத்தை இழுத்து விடுவான். அப்படியே இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “உங்க பையனுக்கு இப்படி இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?”

வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். தெரியாதுன்னு சொல்லு என்று அர்த்தம்.

முந்தியை அவிழ்த்துச் சீட்டை மேசையில் வைத்தேன்.

டாக்டரம்மா படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். “இது இத்தனை வருசமா யாருகிட்ட இருந்துச்சு?”

“எங்கிட்டத்தான்.”

மே. வக்கீலைப் பார்த்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி. தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்தது போல. வக்கீல் உடனே பேனாவை எடுத்தான்.

நான் எழுந்து நின்றேன். “தெரிய வராதுன்னாளே, பாருங்க தாயி. பொறந்த பிள்ளைக்கே ஒரு டெஸ்டுல தெரிஞ்சிருக்கு. வர்ற பிள்ளைகளுக்கு அதை எடுத்தாளா? இன்னும் எடுக்கல. போன வாரமும் அங்கன மூணு பொண்ணுக உக்காந்திருந்துச்சுக. இவ எடுக்கல. நான் காட்டல. ரெண்டு பேரும் சேந்துதான் அவனைக் கொன்னோம். அப்படியே எழுதுங்க.”

மே. வாயைத் திறந்தாள். டாக்டரம்மா கை காட்டி உட்கார வைத்தார். அந்தத் தெளிச்சி போய்விட்டது. போனதை நான் பார்த்தேன். இந்த ஒரு மாதத்தில் பார்த்ததிலேயே நல்ல காட்சி.

“மூணு பொண்ணுகளா? இன்னும் நடத்துறீங்களா?” என்று அவளிடம் கேட்டார்.

கவிதா பின்னால் அழுதாள். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா புதுத் தாள் எடுத்தார். என்னைப் பார்த்து, “உங்க பேரு சொல்லுங்கம்மா” என்றார்.

“மொதல்ல அவ பேரை எழுதி முடிங்க தாயி. எழுதுறதை நான் பாக்கணும். அப்பறம் எம்பேரைச் சொல்றேன்.”