உள்கூட்டில் ஒரு விரிசல்

நவம்பர் 4, செவ்வாய்

மைனஸ் ஒன்பது. என் கணவன் எமில் காலைச் சாப்பாட்டுக்கே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தான். மார்ச்சில் இதய அறுவைச் சிகிச்சை முடிந்ததிலிருந்து இப்படித்தான், உடம்பில் சூடே தங்குவதில்லை. முப்பத்தைந்து வருடம் ரயில்வே பட்டறையில் வினிபெக் பனியில் நின்று வேலை பார்த்த மனிதன்.

வீட்டைச் சூடாக்கும் கீழ்த்தளத்து ஃபர்னஸுக்கும் முடியவில்லை. நாங்கள் குடிவந்த வருடம் பொருத்தியது. பற்றிக்கொள்ளும்போது ஒரு முனகல், அணையும்போது ஒரு முனகல்.

"அதுக்கும் என்னைய மாதிரி நெஞ்சைப் பொளந்து பாக்கணும் போல" என்றான்.

மாற்றிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். குளிருக்கும் கோடைக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடாக. குறைந்தது மூன்று கான்ட்ராக்டர்களைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே என்கிறார்கள் நான் நூலகராக வேலை பார்க்கும் பள்ளியில்.

நவம்பர் 8, சனி

முதல் ஆள் வந்தான். பளபளவென்று ஷூ, கையில் டேப்லெட். கீழ்த்தளத்துக்கு இறங்கவே இல்லை. சமையலறை மேசையில் இருந்த மாத்திரைப் பெட்டியைப் பார்த்தான், அதையே பிடித்துக்கொண்டான்.

"சாருக்கு ஹார்ட் பிரச்சினையா? அப்ப ரிஸ்க் எடுக்காதீங்க மேடம். பழைய ஃபர்னஸ் என்னைக்கு வேணா ஆளைக் கொல்லும். இன்னைக்கே முடிச்சிட்டா உங்களுக்குன்னு ஒரு தள்ளுபடி..."

எமில் காபியைக் கீழே வைத்தான். "தம்பி, முதல்ல அது வீட்ல எங்க இருக்குன்னு கண்டுபிடி. அப்புறமா பயமுறுத்து."

அவன் போன பிறகு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். எமில் சிரித்து எத்தனை நாளாயிற்று!

நவம்பர் 13, வியாழன்

இரண்டாவது, ரோக்சான் என்ற பெண். நாற்பது வயதிருக்கும். அவளும் அவள் தம்பியும் மட்டும் நடத்தும் சின்னக் கம்பெனி. சொல்லாமலே பூட்ஸைக் கழற்றிவிட்டு நேரே கீழே இறங்கினாள். ஒன்றரை மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, ஃபர்னஸின் சின்னக் கண்ணாடி வழியாக நெருப்பைப் பார்க்கச் சொன்னாள்.

"நீலமா நேரா நிக்குதா? இருங்க... இப்ப காத்தை ஊதுற விசிறி ஓட ஆரம்பிக்கும். பாத்தீங்களா?"

சுடர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து மஞ்சளாகத் துடித்தது.

"நெருப்பு எரியுற உள்கூட்டுல எங்கயோ விரிசல் விட்டிருக்குன்னு எனக்குச் சந்தேகம். கேமராவுக்கு அந்த இடம் எட்டல. கழட்டிப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். விரிசல் இருந்தா கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள வந்துரும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. இன்னைக்கு என் மீட்டர்ல ஒண்ணும் காட்டல. நாளைக்கும் காட்டாதுன்னு சொல்ல மாட்டேன்."

கழற்ற எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"அரை நாள். ஆனா விரிசல் இருந்துச்சுன்னா திரும்பப் பத்த வைக்க எனக்கு அனுமதி இல்ல. புதுசு வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் கரண்ட் ஹீட்டர் கொண்டாந்து தர்றேன்."

ஒரு வாரம். எமிலை வைத்துக்கொண்டு, இரண்டு மின்சார ஹீட்டரை நம்பி.

போன வாரம் வந்தவனும் பயமுறுத்தினான். இவளும் பயமுறுத்துகிறாள், கொஞ்சம் மரியாதையாக. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, என்னைப் படிக்க வைத்து, கையெழுத்து வாங்கினாள். போகும்போது படிக்கட்டுச் சுவரில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். காலாவதியாகி மூன்று வருடமாம். "இன்னைக்கே மாத்துங்க" என்றாள்.

நவம்பர் 15, சனி

"அந்தப் பொண்ணு கழட்டித்தான் பாக்கட்டுமே, தோரா" என்றான் எமில். "ஒரு வாரம் ஹோட்டல்ல படுத்துக்குவோம். தேன்நிலவுன்னு நெனச்சுக்க."

ஹோட்டலில் அவனுக்குச் சளி பிடித்தால்? நெஞ்சில் இறங்கினால்? நான் ஓரெஸ்ட்டைக் கூப்பிட்டேன். எமிலோடு நாற்பது வருடம் ஹாக்கி ஆடியவன், இன்னமும் தனியாக ஃபர்னஸ் பழுது பார்க்கிறான். கசகசா ரொட்டியில் இரண்டு துண்டு சாப்பிட்டான். கீழே போய் ஐந்து நிமிடம் இருந்தான்; புகைக்குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"நம்ம ஆளு இன்னும் ரெண்டு குளிர்காலம் அசால்ட்டா ஓடுவாரு. சுடர் ஆடுதாமா? சுடருன்னா ஆடத்தான் செய்யும், பரேடா நடத்துது? இந்தக் காலத்து ஆளுங்களுக்கு மாத்தத் தெரியுமே தவிர, ரிப்பேர் பண்ணத் தெரியாது."

முன்தகட்டைக்கூடக் கழற்றவில்லை. கை பட்டதுமே தெரிந்துவிடுகிறது அவனுக்கு. அனுபவம் என்றால் இதுதான். மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. ஏப்ரலில் நிதானமாகப் புதிது போட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் 21

ரோக்சான் போன் செய்தாள். வசந்தத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.

"அலாரமாவது வாங்கிட்டீங்களா?"

வாங்கிவிட்டேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. சனிக்கிழமை வாங்கிவிட வேண்டும்.

டிசம்பர் 6

மைனஸ் இருபத்து நான்கு. மூன்றாவது சனிக்கிழமையும் வந்தது, பனிப்புயலும் வந்தது. வெளியே போகவில்லை. எமில் ஜன்னல் இடுக்குகளையெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி அடைத்தான். வீடு கதகதப்பாக இருக்கிறது.

டிசம்பர் 18

இருவருக்கும் தலைவலி. பள்ளி முழுக்க ஃப்ளூ, நான்தான் கொண்டுவந்திருப்பேன். கிறிஸ்துமஸுக்காக இறைச்சி வைத்துச் சுட்ட பண்டத்தை எமில் தொடக்கூட இல்லை, குமட்டுகிறதாம்.

ஜனவரி 7, புதன்

விடுமுறை முடிந்து பள்ளி நூலகம் திறந்தாயிற்று. ஒரு விஷயம் கவனித்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்குப் போனால் பத்து மணிக்குள் தலைவலி விட்டுவிடுகிறது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு வீடு பிடிக்காமல் போய்விட்டதா? நோயாளியோடு இருந்து இருந்து — சீ. அவனிடம் இதை எப்படிச் சொல்வது?

ஜனவரி 16

மைனஸ் முப்பத்தாறு. ஃபர்னஸ் நிற்காமல் ஓடுகிறது. எமில் பகலெல்லாம் தூங்குகிறான். தூங்கட்டும். உடம்பு தேறுகிறது.

ஜனவரி 25, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு வீட்டுக்கு வந்தேன். எமில் ஜன்னலோர நாற்காலியில் இருந்தான். கன்னமெல்லாம் சிவந்து, நல்ல நிறமாக. எத்தனை மாதம் கழித்து முகத்தில் ரத்தம் ஓடுகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பிறகுதான் கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது.

தீயணைப்புக்காரர்கள் வாசலில் கால் வைத்ததுமே அவர்கள் மீட்டர் அலறியது. என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று கத்தினேனாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை.

உள்கூட்டில் என் கை நீளத்துக்கு விரிசல். கன்னத்துச் சிவப்பும் அந்த வாயு பூசியதுதானாம்.

தலைவலி. பள்ளியில் விட்டுவிடுகிற தலைவலி. இதே பக்கத்தில், என் கையால் எழுதி வைத்துவிட்டு — என்ன பொம்பளை நான்! ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதுமே. ஒரே ஒரு நிமிஷம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பழைய ஃபர்னஸை எடுக்க ரோக்சானைத்தான் கூப்பிட்டேன். வேறு யாரையும் அந்தப் படிக்கட்டில் இறங்கவிட மனம் வரவில்லை. 'அன்னைக்கே சொன்னேனே' என்று அவள் ஒரு தடவை சொன்னால் நன்றாக இருக்குமென்று காத்திருந்தேன். சொல்லவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"நான் இன்னும் கத்தியிருக்கணும்" என்றாள். "நான் வாங்கியாவது மாட்டிட்டுப் போயிருக்கணும் அந்த அலாரத்தை."

"எழுதியே குடுத்தியே" என்றேன்.

பிப்ரவரி 11, புதன்

ஓரெஸ்ட் வந்தான். இறுதிச் சடங்குக்கு வராதவன். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"தோரா, நாளைக்கு எரிவாயு இன்ஸ்பெக்டர் வராராம். நான் தகட்டைக் கழட்டிப் பாத்தேன்னு மட்டும் சொல்லிடு. விரிசல் அதுக்கப்புறம் விட்டிருக்கலாம்ல? லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாது. எமில் இருந்தா எனக்காகச் சொல்லியிருப்பான்."

"எமில் இருந்தா நீ இந்த வாசலுக்கு வந்திருக்கவே மாட்ட."

அவன் உதடு கோணியது. அறுபத்தெட்டு வயது ஆள், என் வாசலில் நின்று விசும்பினான். எனக்கு இரக்கம் வரவில்லை. போகச் சொல்லவும் வாய் வரவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இன்ஸ்பெக்டர் வந்தார். ஓரெஸ்ட் எதையும் திறக்கவில்லை என்று சொன்னேன். ரோக்சான் எழுதிக் கொடுத்த தாளை மேசையில் வைத்தேன். கீழே என் கையெழுத்து.

"உங்க கணவருக்கு இது தெரியுமா?"

"தெரியும். கழட்டிப் பாக்கட்டும்னுதான் அவர் சொன்னார். நான்தான் வேண்டாம்னேன். அலாரம் வாங்கிட்டேன்னு பொய் சொன்னதும் நான்தான்."

பேனா நின்றது. "அதெல்லாம் நான் எழுதணும்னு கட்டாயம் இல்லைங்க" என்றார் தணிந்த குரலில்.

"எழுதுங்க. ஓரெஸ்ட் பேரை மட்டும் எழுதிட்டுப் போனீங்கன்னா அது பாதி உண்மைதான்."

எழுதினார்.

ஏப்ரல் 22

ஓரெஸ்ட்டின் லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள். கடையில் அவன் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனாள்.

ஜூலை 16, வியாழன்

முப்பத்து நான்கு டிகிரி. புதிய ஏற்பாட்டைச் சோதிக்க ரோக்சான் வந்திருந்தாள். ஹீட் பம்ப், குளிருக்குச் சூடும் வெயிலுக்குக் குளிரும் தரும். கூடவே கடுங்குளிருக்கு ஒரு சின்ன ஃபர்னஸ். தளத்துக்கு இரண்டு அலாரம், அவளே மாட்டியவை. ஒவ்வொன்றையும் அழுத்தி அலறவிட்டுப் பார்த்தாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பிறகு ஒரு உதவி கேட்டேன். நான் புழங்குவது சமையலறையிலும் பின்னறையிலும்தான். எமில் படுத்திருந்த அறைக்கும் அவன் நாற்காலி இருந்த முன்கூடத்துக்கும் காற்று போகிற வழியை மூடிவிட முடியுமா என்று.

ரோக்சான் தரையில் குந்தி உட்கார்ந்து, காற்று வரும் துவாரத்தின் கம்பி மூடியில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"மூடலாம். ஆனா மூடினா உள்ள அழுத்தம் ஏறி மெஷின் சீக்கிரமே கெட்டுப்போயிரும். ஆள் இல்லாட்டியும் எல்லா ரூமுக்கும் காத்து போகணுங்க."

சரி என்றேன்.

அவள் போனதும் எமிலின் அறைக் கதவைத் திறந்தேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. ஜன்னலோரத்தில் குளிர்ந்த காற்று ஏறிக்கொண்டிருந்தது. அவன் கட்டிலின் போர்வை நுனி லேசாக அசைந்தது. அவனுக்குக் குளிருமே என்று போர்வையை இழுத்துச் செருகினேன். அப்புறம்தான் கட்டிலில் ஆள் இல்லை என்று உறைத்தது.

செருகியதை எடுத்துவிடவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தேன், கதவையும் திறந்தபடி.