அந்த மனுவை நீங்கள் இங்கிலீஷில் எழுதியபோது

எனக்குத் தமிழும் இங்கிலீஷும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இதைப் பாளையங்கோட்டையில் உங்கள் கல்லறையருகே நின்று பையச் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களைப் பற்றிய பேச்சு ஊர் கூடியிருந்த இடத்தில் எழுந்தது. நானும் அங்கே மேடையில் உட்கார்ந்திருந்தேன். அதனால் இதையும் ஊர் கேட்கவே எழுதி, நம் சபைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். புளியங்கரைக்குக் குழாய் வந்துவிட்டது. கம்பெனி மில்லின் வடிகட்டும் தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் பதித்து, ஊர் நடுவே நாலு பக்கமும் தண்ணீர் விழும்படி வைத்திருக்கிறார்கள். கம்பெனியில் காலமெல்லாம் ரைட்டராக இருந்தவரின் ஞாபகமாக என்று உங்கள் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். திறந்துவைக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, அம்மாவோடு வில்வண்டியில் ஏரல் சாலை வழியே போனேன். வழி நெடுக அம்மா வாயே திறக்கவில்லை. உங்கள் நினைவு என்றுதான் நினைத்தேன்.

பந்தலில் ஜார்ஜ் சக்கரவர்த்தியின் படம், அதன் பக்கத்தில் உங்கள் படம். மானேஜர் துரை எழுந்து பேசினார். கம்பெனி என்பது பங்குக்காரர்களின் லாபத்துக்காக மட்டும் அல்ல, அது நிற்கிற மண்ணில் வாழும் ஜனங்களின் நன்மைக்கும் கடமைப்பட்டது என்றார். எனக்கு அது பிடித்திருந்தது அப்பா. அவர் அதைப் பொய்யாகச் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

பிறகு அவர் ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். புளியங்கரை ஜனங்கள் கொடுத்த மனுவை நீங்கள் இங்கிலீஷில் எழுதியது. எவ்வளவு அழகான இங்கிலீஷ்! கம்பெனியின் கருணையை நம்பிப் பிழைக்கும் ஏழைக் குடிகள், பாதம் பணிந்து, குடிக்க ஒரு குழாய் இரந்து கேட்கிறோம் என்று இருந்தது. என் அப்பா எழுதியது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கம்பெனிக் குமாஸ்தா ஒருவர் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார். ஜனங்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷத்தில் என்று எண்ணினேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவள் பெயர் முத்துப்பேச்சி என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"யாரு இரந்து கேட்டா?" என்றாள். "நாங்க கேக்கலயே! சாயத் தண்ணிய ஆத்துல விடாதியன்னுல்லா எழுதச் சொன்னோம்!"

குமாஸ்தா, "ஏ, உக்காரு, உக்காரு" என்று கையை ஆட்டினார்.

"நீரு சும்மா இரும் வே. அந்தத் தண்ணியக் குடிச்சு வயித்தால போயி மூணு பிள்ளையளப் பறிகொடுத்திருக்கோம். மூணு பேரையும் ரைட்டரய்யாட்ட ஒண்ணொண்ணாச் சொன்னேன். அவுகளும் தலைய ஆட்டிக்கிட்டே எழுதுனாக. அந்தப் பேரு எங்க? இந்தக் காயிதத்துல அந்தப் பேரு எங்க?"

துரை என்னவென்று கேட்டார். ஜனங்கள் நன்றி சொல்கிறார்கள் என்றார் குமாஸ்தா. எனக்கு இரண்டு பாஷையும் தெரியும். என் காதாலேயே கேட்டேன். துரை சிரித்துக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினார். நான் எழுந்து போய்க் குழாயைத் திருகினேன் அப்பா. தண்ணீர் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். முத்துப்பேச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏன் வாய் திறக்கவில்லை? இப்போதும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் தகரப்பெட்டியைத் திறந்தேன். அவள் பொய் சொல்கிறாள் என்று காட்டிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன்.

அடியில், துணியில் சுற்றி, அந்தத் தமிழ் மனு இருந்தது. எழுத்து உங்களுடையது. கீழே வரிசையாகக் கைநாட்டுகள். சாயப் பட்டறையின் கழிவு ஆற்றில் விழும் இடம், எந்த நாட்களில் தண்ணீர் நீலமாக வரும், எந்த நாட்களில் சிவப்பாக வரும், மாடு கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுவது, எல்லாம் இருந்தது. அப்புறம் அந்த மூன்று பெயர்கள். சுடலி, வயது நாலு. இசக்கிமுத்து, வயது இரண்டு. முத்துப்பேச்சியின் மகள் பேச்சியம்மாள், வயது ஆறு.

அதன் பின்பக்கத்தைத் திருப்பினேன். அங்கே இங்கிலீஷில் அதே மனு. சொல்லுக்குச் சொல் சரியாக எழுதியிருக்கிறீர்கள். சாயம், ஆறு, மூன்று பிள்ளைகள், ஒன்றும் விடவில்லை. முழுவதையும் எழுதி முடித்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அடித்திருக்கிறீர்கள்.

அம்மாவிடம் அதை நீட்டினேன். வாங்காமலே என்னவென்று தெரிந்துகொண்டாள்.

"ஆத்துத் தண்ணி பத்தி ஒரு மனுன்னு மட்டும் துரைட்ட நேருல கேட்டுப் பாத்தாக" என்றாள். "இது புகார்னா கம்பெனி வக்கீலுக்குத்தான் போகும், கைநாட்டு வச்சவன் எவனும் மில்லுக்குள்ள வர முடியாதுன்னுட்டாராம். புகாரா எழுதுனா வேலையும் போயிரும், தண்ணியும் வராது. கெஞ்சி எழுதுனா குழாயாவது வரும். என்ன செய்யட்டும்னு எங்கிட்ட கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"கெஞ்சியே எழுதுங்கன்னேன். நாந்தான் சொன்னேன் எஸ்தர். அதுக்கப்புறம் ஒரு வாரம் அவுகளுக்குச் சோறு இறங்கல. ஏன்னு நானும் கேக்கல."

அப்பா, உங்களை இரக்கமில்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கெஞ்சி வாங்கிய குழாயில் இப்போது ஒரு ஊர் நல்ல தண்ணீர் குடிக்கிறது. ஆனால் செத்த பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டு, அவர்களைப் பெற்றவர்களை அவர்களுக்குத் தெரியாமலே பிச்சைக்காரர்களாக்கிவிட்டீர்களே! அதை அவர்களிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று பயமா?

ஒரு மாதம் கழித்து முத்துப்பேச்சி பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். கூட ஆற்றின் கீழ்ப்பக்கத்துத் தோப்பூரிலிருந்து ஆண்களும் பெண்களுமாக ஏழெட்டுப் பேர். தோப்பூருக்குக் குழாய் இல்லை. சாயத் தண்ணீர் நிற்கவும் இல்லை. புளியங்கரைக்குத் தருமம் செய்தாயிற்று, அத்தோடு விஷயம் முடிந்தது என்று மில்லில் சொல்லிவிட்டார்களாம்.

"டீச்சரம்மா, நாங்க சொல்லுததை அப்படியே எழுதுவியளா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

இங்கிலீஷில் அப்படியே எழுதினேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. மூன்று பெயர்களோடு தோப்பூரில் போன ஒரு கைக்குழந்தையின் பெயரும் சேர்ந்தது. முத்துப்பேச்சியின் புருஷன் சுடலைமுத்து மில்லில் பஞ்சுப்பொதி தூக்குகிறவன். அவன்தான் முதல் கைநாட்டு வைத்தான். தோப்பூர்க்காரர்கள் இரண்டு பேர், அவர்களும் மில் வேலைக்காரர்கள்தான், அடுத்து வைத்தார்கள். நானே கொண்டுபோய்த் துரை கையில் கொடுத்தேன்.

படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது. "உன் தகப்பனாருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்திருந்தது" என்று இங்கிலீஷில் சொன்னார். "தெரிந்திருந்தது ஐயா. அதனால்தான் இந்தப் பிள்ளைகள் செத்தது உங்களுக்கு இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்று" என்றேன். அவர் ஜன்னல் வழியே பட்டறைப் பக்கம் பார்த்தார். அந்த நாலு பெயர்களையும் தப்பும் தவறுமாக வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் போகச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் வாரம் மில்லுக்குத் தெற்கே செம்மணல் தேரிப் பக்கமாக வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தார்கள். சாயத் தண்ணீர் இப்போது அங்கே வெட்டிய பள்ளத்துக்குப் போகிறது, ஆற்றுக்கு வருவதில்லை. கேள்விப்பட்ட அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். கெஞ்சாமலே நடந்துவிட்டது பாருங்கள் என்று உங்களிடம் ஓடிவந்து சொல்லத் தோன்றியது.

ஆனால் அதே வாரத்தில் சுடலைமுத்துவையும் தோப்பூர்க்காரர்கள் இரண்டு பேரையும் மில் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது துரையின் உத்தரவா, கம்பெனித் தலைமையின் உத்தரவா என்று யாரும் சொல்லவில்லை. வாய்க்கால் வெட்டிய கைதான் இதையும் செய்தது. நான் எந்தக் கையைப் பிடித்து நன்றி சொல்ல? நீங்கள் பயந்தது அச்சுப் பிசகாமல் நடந்துவிட்டது அப்பா.

புளியங்கரைக்கு ஓடினேன். முத்துப்பேச்சி வாசலில் பெட்டி முடையப் பனை ஈர்க்குக் கிழித்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆறு தெளிஞ்சுட்டு, பாத்தியளா?" என்றாள். "அவுக ராதாபுரம் பக்கம் பனை வேலைக்குப் போயிருக்காக. எப்படியாவது பொழச்சுக்கிடுவோம்." இன்னொரு ஈர்க்கை எடுத்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள். "டீச்சரம்மா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சிக்கிடாதிய. கைநாட்டு வச்சது பூரா நாங்க. முந்தின மனுவுல ரைட்டரய்யா பேரு இல்ல. இந்த மனுவுல ஒங்க பேரும் இல்லியே. அது என்னத்துக்கு?"

அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும், அப்பா? உங்களைவிட நேர்மையாக எழுதிவிட்டேன் என்று இத்தனை நாளும் நிமிர்ந்து நடந்தேன். எழுதிக்கொடுத்தவர்கள் நாம் இரண்டு பேருமே காகிதத்துக்கு வெளியேதான் நின்றிருக்கிறோம்.

அந்த மூன்று பேருக்கும் வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, இந்தத் தடவை கலெக்டருக்கே மனு எழுதுகிறேன். அம்மாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறாள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கக்கூடும். என் வேலையும் போகலாம். போனால் போகட்டும். இனி என் கை எழுதுகிற எந்த மனுவிலும், கைநாட்டுகளுக்கெல்லாம் மேலே, முதல் பெயர் என்னுடையதாக இருக்கும். உங்களுக்கு இந்த வாக்கைக் கொடுக்கிறேன்.

உங்கள் பிழையோடும் சேர்த்து உங்களை நேசிக்கிற
மூத்த மகள்,
எஸ்தர்