நீரஜாவின் ஒரே ஒரு கோட்டோ

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நீரஜாவுக்கு,

இன்று காலை எழுந்ததும், டிகாக்‌ஷன்கூடப் போடாமல், லேப்டாப்பைத் திறந்து நீ எட்டு வருடத்துக்கு முன் சி மொழியில் எழுதிய ரத்த வங்கி புரோகிராமைப் படித்தேன். முடித்ததும் சும்மா ஒரு சந்தோஷத்துக்காக மறுபடி படித்தேன். அதன் பிறகுதான் வாசலில் இருந்த பால் பாக்கெட் நினைவுக்கு வந்தது.

நாங்கள் எல்லோரும் நலம். நாக்பூரில் குளிர் குறைந்ததா? உன் கணவர் சுந்தரராமன் காலமான பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் நீ ஒரு வேளைதான் சமைக்கிறாய் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆபீசில் நடந்ததைச் சொல்கிறேன். உன் அந்தப் புரோகிராமை மேனேஜர் ஸ்ரீரங்கன் ஜாவா மொழியில் மாற்றி எழுதினார். அடையாறில் ஒரு மருத்துவமனையில் போன வாரம் அது ஓட ஆரம்பித்தது. அன்று மத்தியானமே அங்கே லேபில் இருக்கும் டயானா கூப்பிட்டாள். "மேடம், சிஸ்டம்ல ஓ பாசிட்டிவ் ஒண்ணுகூட இல்லன்னு காட்டுது. ஃபிரிட்ஜத் தொறந்தா அம்மாம் பையும் கீது. இன்னா பண்ணட்டும்?" நல்ல வேளை, சிஸ்டத்தை நம்பாமல் ஃபிரிட்ஜைத் திறந்தாள். டாக்டரிடம் சொல்லி, பேப்பரில் எழுதி ரத்தத்தைக் கொடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரே நோயாளி பெயரில் அத்தனை பையையும் புரோகிராம் ஒதுக்கி வைத்திருந்தது. ஏன் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். என் மகள் ஸஹானாவுக்கு மட்டும் விளக்க வேண்டியிருந்தது. லூப் ஒவ்வொரு பையாகப் பார்த்துக்கொண்டு போகும். அதற்குள் ஒரு ஸ்விட்ச், பை காலாவதியா, ஒதுக்கியதா, கையிருப்பா என்று பிரிக்கும். பொருத்தமான பை கிடைத்ததும் நீ கோட்டோ, அதாவது 'இந்த இடத்துக்குத் தாவு' என்ற கட்டளை, போட்டு லூப்பை விட்டே வெளியேறினாய். ஸ்ரீரங்கன் அதை எடுத்துவிட்டு பிரேக் போட்டார். ஸ்விட்சுக்குள் போட்ட பிரேக் ஸ்விட்சை விட்டு மட்டும்தான் வெளியே வரும். லூப் பாட்டுக்கு அடுத்த பைக்குப் போனது. "அப்பா மாதிரியா? கிளம்பியாச்சுன்னு பந்தியிலேர்ந்து எழுந்துட்டு, பாயசம் வரதுன்னு திரும்பப் போய் உட்காருவாரே," என்றாள் ஸஹானா. இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜாவாவில் கோட்டோ என்ற சொல்லையே யாரும் தொடக் கூடாதென்று பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் லூப்புக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி பிரேக் போடலாம். பைத்தான் மொழியில் அதுவும் கிடையாது. தேடுவதைத் தனி ஃபங்ஷனாக எழுதி, கிடைத்ததும் ரிட்டர்ன் செய்தால் போதும். ஒவ்வொரு மொழியிலும் வழி இருக்கிறது. எதை விட்டு வெளியேறுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உனக்குத் தெரிந்திருந்தது. அத்தனை பெரிய புரோகிராமில் ஒரே ஒரு கோட்டோ, அதுவும் கீழ்நோக்கி. ஓரிடத்தில்கூடப் பின்னால் தாவவில்லை. போய்ச் சேரும் இடத்துக்கு 'போதும்' என்று பெயர் வைத்திருந்தாய். அதைப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன். எனக்கு இப்படி எழுத வராது, நீரஜா.

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கனைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். மறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "பழைய கோட்ல கோட்டோ இருந்தது, அதான் குழப்பம்னு ரிப்போர்ட் போட்டுடலாம் மேடம். நீரஜாதான் இங்க இல்லையே, அவங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார். அடுத்த மாதம் எனக்கு வரவேண்டிய டீம் லீட் பதவிக்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் பேச்சோடு பேச்சாக நினைவுபடுத்தினார்.

நீ மறுபடி இங்கே வேலைக்கு விண்ணப்பித்திருப்பது அவருக்கு இன்னும் தெரியாது. அந்த ரிப்போர்ட் வந்துவிட்டால் உன்னை நேர்காணலுக்குக்கூட அழைக்க மாட்டார்கள். எட்டு வருட இடைவெளிக்கு என்ன பதில் சொல்வது, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். எனக்காக அதை மட்டும் செய்யாதே. வேளைக்குச் சாப்பிடு.

நாளை ஆபீசில் இதைப் பற்றி நடக்கும் கூட்டத்தில் ஸ்ரீரங்கன் பேசி முடித்ததும், உன் புரோகிராமையும் அவருடையதையும் எல்லோர் முன்னாலும் திரையில் ஓட்டிக் காட்டப் போகிறேன். எது யார் எழுதியது என்று பெயர் சொல்லித்தான் காட்டுவேன். இதை வீட்டில் இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

என்றும் உன்,
ஹேமலதா