கோட்டை வாசலில் நின்றவருக்குப் போட்ட மாலை

மல்கிரேவ்
ஜூன் 14

அன்பு மகன் யுகனுக்கு அம்மா எழுதுவது. முருகன் அருளால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் உன் முழங்காலும் அதேபோலச் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். இங்கு குளிர் தொடங்கிவிட்டது. அப்பா காலையில் ஹீட்டரைப் போட்டுவிட்டு ஜன்னலையும் திறந்து வைக்கிறார், கேட்டால் காற்று வர வேண்டுமாம். சுஜீதன் அண்ணா கிழமைக்கு ஒருக்கால் வந்து போகிறான். போனில் பேச வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பழைய படங்களை அப்பா குசினி மேசையில் பரப்பி ஒரு முழு நாள் பார்த்தார். நீ இருக்கும் தீவின் கோட்டை, அப்போது கூரையோடு நின்றது, புகை போகும் கல் வீடுகள், மீன் வெட்டும் பெண்கள், செருப்பில்லாத பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு படங்களோடு நீ சேர்த்து அனுப்பிய வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தார். ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று கோட்டைக்காரர் சனத்தின் வீட்டுக் கூரைகளைக் கழற்றி ஊர் ஊராக அவர்களைத் துரத்தினார்கள் என்ற இடம் வந்ததும் மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அதில் கன பேர் கப்பலேறி நாங்கள் இருக்கிற இந்த விக்ரோரியாவுக்குத்தான் வந்தார்களாம். நாங்களும் கூரை போய் வந்த ஆட்கள்தானே, அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் படங்களில் உள்ள ஆக்கள் ஒருத்தரும் இப்ப இல்லை அம்மா என்று நீதான் சொன்னாய். கோட்டை வாசலில் தொப்பியோடு ஒரு இளம் ஆள் நிற்கும் படத்தின் பின்னால் அலஸ்டேர் குடும்பம், 1961 என்று இருந்தது. பெப்ரவரியில் நீ அந்தக் கோட்டைப் படியில் வழுக்கி விழுந்து கிடந்தபோது, தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி உன் மேல் போட்டுவிட்டு, படகு வரும்வரை இரண்டு மணித்தியாலம் மழையில் உன்னோடு இருந்த அலஸ்டேரின் தகப்பன்தான் படத்தில் நிற்பவர் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். உயிரோடு இருக்கிற மகனுக்கு நேரில் நன்றி சொல்லலாம், அவரைப் பெற்றவருக்கு எப்படிச் சொல்வது என்று அப்பா கேட்டார். அது எனக்கும் சரியாகப் பட்டது. பிரேம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சாமி அறையில் விளக்கும் ஏற்றிவிட்டேன். நாலு மாதமாக நான் நன்றி சொல்லத் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

அந்தப் பெருமையில்தான் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ அலஸ்டேரைக் கூட்டிவந்ததும் போனைச் சாமி அறைப் பக்கம் திருப்பினேன். உன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அவரை வடிவாகப் பார்த்தேன். அதே மூக்கு, அதே காது. உயிரோடு இருக்கிற மனுசனுக்கு, அதுவும் என் பிள்ளையின் உயிரைக் காத்த மனுசனுக்கு, மாலை போட்டுவிட்டேனே! என்ன இது என்று அவர் உன்னிடம் கேட்டது காதில் விழுந்ததும் போனை வைத்துவிட்டேன். அந்த நிமிடமே மாலையைக் கழற்றிப் பொட்டையும் துடைத்தேன். என்னால் அவருக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நீ எழுதியதை அப்பா மூன்று தரம் வாசித்துக் காட்டினார். நீ ஒளிக்காமல் சொன்னாயாம், அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். பிறகு, மனைவியும் போய்விட்டாள், பிள்ளைகளும் இல்லை, எனக்குப் பூப் போட வேறு யார் இருக்கிறார்கள், கழற்ற வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல் என்றாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது மகன்.

ஆனால் அவர் கேட்டதைச் செய்ய மாட்டேன். அவர் படம் இப்போது ஹோலில், உன் பட்டமளிப்புப் படத்துக்கும் அண்ணாவின் கல்யாணப் படத்துக்கும் நடுவில் இருக்கிறது. நேற்று வந்த தனேஸ்வரி அன்ரி இது யார் என்று கேட்டா. என்ர மூத்த அண்ணை என்றார் அப்பா, சிரிக்காமல். அன்ரி படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தா. அலஸ்டேரின் ஆயுளுக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போனோம், ஐயர் நட்சத்திரம் கேட்டார், தெரியாமல் முழித்தோம். பிறந்த திகதியும் நேரமும் கேட்டு அனுப்பு.

ஈரப் படியில் கவனமாக நட, நேரத்துக்குச் சாப்பிடு, அவரையும் கூப்பிட்டு இருத்திச் சாப்பாடு போடு. நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், உனக்கு அங்கே துணையாக அந்த மனுசனைத் தந்த கடவுளுக்கு நான் எந்நாளும் நன்றி உள்ளவள். அவரிடம் மறக்காமல் இதைச் சொல்லிவிடு: மாலை போட எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது, ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை.

என்றும் உன் அன்பு அம்மா,
செல்வராணி குணசீலன்