கட்டில் வண்டிக்கு எந்த இன்ஜின்

10-9-1974, செவ்வாய்
மணப்பாட்டிலிருந்து திரும்பும் வழியில், பழையகாயல் தாண்டியதும் வேன் நின்றுவிட்டது. பின்னால் ஒரே நீலப் புகை. ஒரு மீன் லாரி கயிறு கட்டி இழுத்துவந்து, திரேஸ்புரத்தில் ரோச்சின் பட்டறையில் விட்டது. அத்தனை நேரமும் என் மனைவி கிருபை உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள்.

மிஷன் கண் முகாமுக்கு ஓடிய பழைய வண்டி அது. கட்டில், ஸ்டவ், கொசுவலை எல்லாம் நான் பொருத்தியவை. கிணற்றடியில் விழுந்ததிலிருந்து கிருபையால் வெகுநேரம் உட்கார முடியாது. செய்திக்காக நான் கடற்கரை ஊர்களுக்குப் போனால் அவளும் படுத்தபடியே வருவாள். இரவு வண்டியில்தான் தூங்குவோம்.

அக்டோபர் ஏழாம் தேதி நாசரேத்தில் அவள் தம்பி செல்வதுரைக்குக் கல்யாணம். தாயில்லாத பிள்ளை, இவள் வளர்த்தவன். வண்டி இல்லாவிட்டால் எப்படிப் போவாள்?

12-9, வியாழன்
ரோச் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டார். "சிலிண்டரக் கடைஞ்சு போர் பண்ணிப் புது பிஸ்டன் போட்டா ஓடும் சார். இல்லன்னா டீசல் இன்ஜின் வச்சிருவோம். பெட்ரோல் விக்கிற வெலைக்கு எல்லாவனும் மாத்துதான்."

உங்கள் யோசனை என்ன என்றேன்.

"நான் ஒண்ணச் சொல்லி, பொறவு நீங்க என்னைய ஏசவா?"

15-9, ஞாயிறு
கோயில் முடிந்து வந்து, டிரைவர்கள், லாரிக்காரர்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். பாதிப் பேர் டீசல் என்கிறார்கள். பாதிப் பேர் பழையதே போதும் என்கிறார்கள். ஒரு கட்டுரைக்கே விஷயம் சேர்ந்துவிட்டது. முடிவுதான் இல்லை.

17-9, செவ்வாய்
உப்பு வியாபாரி வன்னியபெருமாள், டீசலுக்கு மாற்றிய தம் வேனை வாசலுக்கே கொண்டுவந்தார். "ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி, யானை மாதிரி இழுக்கும்." ஓட்டினேன். இழுக்கத்தான் செய்கிறது. ரோச்சிடம் டீசல் என்று சொல்லிவிடலாமென்று சட்டையை மாட்டினேன்.

உள்ளேயிருந்து கிருபையின் குரல். "ஊரெல்லாம் கேட்டியளே, படுத்துக்கிட்டு வாரவகிட்ட கேட்டியளா?"

கேட்கவில்லை. இத்தனை வருஷம் பேட்டி எடுத்துப் பிழைத்தவன் - எப்படி விட்டேன்?

வன்னியபெருமாளின் வேனில் மெத்தையை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். கோரம்பள்ளம் போய்வருவதாகத் திட்டம். அதிர்வு தாங்காமல் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"வண்டி நல்லாத்தான் இழுக்கு அண்ணாச்சி. என் முதுகையும் சேத்துல்லா இழுக்கு."

"உப்பு மூடை இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலியே மதினி!" என்றார் அவர். வலியோடு சிரித்தாள்.

18-9, புதன்
பழைய இன்ஜின்தான். உள்ளே சுழலும் கிராங்க் தண்டு தேய்ந்திருந்தால் மட்டும் பேச்சு மாறும் என்கிறார் ரோச். லேத் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்.

கிருபை இன்னொன்றும் கேட்டாள். "தலகாணி ஒசரத்துக்கு ஒரு சன்னல் வெட்டச் சொல்லுங்க. எங்கன போறோம்னு எத்தன நாளைக்குச் சத்தத்த வச்சே பாக்க?"

இதையும் நான் கேட்டதில்லை.

23-9, திங்கள்
கிராங்க் நன்றாக இருக்கிறதாம். அப்பாடா. இன்னொரு காப்பி வாங்கிக் குடித்தேன்.

3-10, வியாழன்
வண்டி வந்துவிட்டது. புகை இல்லை. சன்னலுக்குக் கண்ணாடியும் போட்டுவிட்டார் ரோச். "கொஞ்ச நாளைக்கு மாட்டு வண்டி கணக்கா மெதுவாப் போங்க. போர் பண்ணுன இன்ஜின்."

5-10, சனி
மெதுவாகவே ஓட்டினேன். முக்காணிப் பாலத்தில் ஆறு நிறையத் தண்ணீர். கிருபை சன்னல் வழியே பார்க்கட்டும் என்று ஓரமாக நிறுத்தி, "தெரியுதா?" என்றேன். பதில் இல்லை. பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன்.

தூங்கிக்கொண்டிருந்தாள். விழுந்ததிலிருந்து பகலில் அவள் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. சத்தம் நின்றால் விழித்துவிடுவாளோ என்று இன்ஜினை அணைக்கவில்லை.

7-10, திங்கள்
கல்யாணம் முடிந்தது. முன் பெஞ்சில், ஆசீர்வாதம் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தாள். "கோயில் வாசல்ல ஒன் வண்டிச் சத்தம் கேட்ட பொறவுதான் கல்யாணக் கோட்டே மாட்டுனேன்க்கா" என்றான் செல்வதுரை.

திரும்பும்போது கிருபையைப் பாலத்தில் கட்டாயம் எழுப்ப வேண்டுமாம். சரி என்றிருக்கிறேன்.