ரூமுக்கு நாலு பேர்

புனே

அன்புள்ள அம்மாவுக்கு, கற்பகம் வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பாவும் தம்பியும் சௌக்கியமா?

இங்கே ஒரு வேடிக்கை. புடவைக் கடை ஒன்றுக்கு நான் செய்த இணையதளம், திறந்தாலே அசையாமல் நின்றுவிட்டது. இருநூறு புடவைப் படங்களும் ஒரே நேரத்தில் உள்ளே வர முண்டியதுதான் காரணம். மூன்று நாள் என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை. அப்போதுதான் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் தீ விபத்துக்குப் பயந்து நீங்கள் போடும் சத்தம் நினைவுக்கு வந்தது: "ஏட்டி ராக்காயி, ரூமுக்கு நாலு பேருதான்! ஒருத்தி வெளிய வரட்டும், பெறவு நீ உள்ள போ!"

படங்களையும் அப்படியே நாலு நாலாக உள்ளே விட்டேன். தளம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது!

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் மேனேஜர்.

"எங்கள் அம்மா."

"அவரும் கம்ப்யூட்டரா?"

"இல்லை சார், சங்குசக்கரம்."

ஆபீஸே சிரித்தது.

சாத்தூர் சேவு ஒரு கிலோ அனுப்புங்கள். இங்கே காரம் என்று தருவதெல்லாம் இனிக்கிறது. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

அம்மா, என் ரூமில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். உங்கள் கணக்குப்படி இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. தீபாவளி சீசன் முடிந்ததும் மூவரும் வாருங்கள்.

கற்பகம்